தோள்கட்டை வேண்டுமா? வர்ணக்குண்டு விளையாடுவோர்க்கு ஒரு விளக்கம்



மெரீனாக் கடற்கரையில் மாலை வேளையில் உலாவியவர்களுக்கும், ஊர்த் திருவிழாவில் கடைத்தெருவைச் சுற்றி வந்தவர்களுக்கும் பலூன் சுடும் கடை புதியதன்று. பலகை ஒன்றில் வண்ண வண்ணமாகப் பலூன்களைக் கட்டி வைத்திருப்பார்கள். காசு கொடுத்தவுடன் கடைக்காரர் ஒரு காற்றுத் துப்பாக்கியை நம் கையில் தந்து, "கட்டையைத் தோளில் நன்றாக அழுத்திப் பிடியுங்கள்" என்பார். அப்படிப் பிடித்தால் குறி தப்பாது என்று அன்று முதல் நாம் நம்பி வருகிறோம். அந்த நம்பிக்கை பொய்யன்று. ஆயினும் ஒரு கருவிக்குப் பொருந்திய உண்மை மற்றொரு கருவிக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாமா? இதையே இன்று ஆராயப் போகிறோம்.

வெளி மாநிலங்களில், அதிலும் மும்பை போன்ற பெருநகரங்களில் வேலை பார்க்கும் நம் இளைஞர்களிடையே வர்ணக்குண்டு விளையாட்டு என்ற ஒன்று பரவியிருக்கிறது. பெயின்ட்பால் என்று அதை அழைக்கிறார்கள். சாயம் நிரம்பிய சிறு உருண்டையைக் காற்றழுத்தத்தால் செலுத்தி, எதிரணியினரின் உடையில் அடையாளம் இடுவதே அதன் சாரம். அடையாளம் பட்டவர் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். உருண்டையைச் செலுத்தும் கருவிக்கு மார்க்கர், அதாவது அடையாளம் இடுவது, என்று பெயர். துப்பாக்கி என்று சொல்லாமல் இவ்வாறு சொல்வதிலேயே ஒரு கருத்து அடங்கியிருக்கிறது. அதைப் பிறகு காண்போம்.

குர்லாவில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனத்தில் இருத்திக் கொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம். அதன் இளைய மகன் பாந்திரா–குர்லா வளாகத்தில் ஓர் அலுவலகத்தில் பணி புரிகிறான். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தோழர்களோடு கர்ஜத், லோணாவளாப் பக்கம் சென்று இந்த விளையாட்டை ஆடி வருகிறான். வேலையை விட்டு வேறு நாடு செல்லும் தோழன் ஒருவன் தன் மார்க்கரை அவனுக்கே தர முன்வந்திருக்கிறான். இப்போது அவனுக்கு ஓர் ஆசை: அந்தக் கருவிக்குப் பின்புறம் ஒரு தோள்கட்டை பொருத்த வேண்டும். "கட்டை இருந்தால் குறி தப்பாது, மாமா" என்கிறான். "ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் கை வைத்தா இதை வாங்கப் போகிறாய், தம்பி?" என்று மாமா கேட்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. விடை காண வேண்டுமாயின் கருவியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

கருவி வந்த வழி

இந்தக் கருவி போருக்காகவோ வேட்டைக்காகவோ பிறந்ததன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள நெல்சன் பெயின்ட் நிறுவனம், வெட்ட வேண்டிய மரங்களையும் மந்தையில் பிரிக்க வேண்டிய மாடுகளையும் தூரத்திலிருந்தே சாயமிட்டுக் காட்டுவதற்காக இத்தகைய கருவியை விற்று வந்தது. 1970களில் டெய்சி என்ற காற்றுத் துப்பாக்கி நிறுவனம் அதற்குச் செய்து கொடுத்த நெல்-ஸ்பாட் 007 என்ற கருவி, கைத்துப்பாக்கி வடிவத்தில் அமைந்தது. அதற்குத் தோள்கட்டை கிடையாது.

1981ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹென்னிக்கர் என்ற ஊரின் காட்டில் பன்னிரண்டு பேர் இக்கருவியை ஏந்தி முதன்முதலாக விளையாடினார்கள். காட்டின் வெவ்வேறு இடங்களில் வைத்திருந்த கொடிகளை, பிறர் சாயம் தம்மீது படாமல் எடுத்து வர வேண்டும் என்பது விதி. வென்றவர் ரிச்சி ஒயிட் என்ற வனத் தொழிலாளர். அன்று அவர் ஒரு குண்டு கூடச் சுடவில்லை! மரத்துக்கு மரம் மறைந்து, ஓசை செய்யாமல் நடந்து, கொடிகளைச் சேர்த்துக் கொண்டு அவர் வெளியே வந்துவிட்டார். இந்த விளையாட்டில் வெற்றி எதனால் கிட்டுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. காலும் கண்ணும் பொறுமையும் முன்னே நிற்கின்றன. கருவி அவற்றின் பின்னே நிற்கிறது.

கட்டை என்ன செய்கிறது?

தோள்கட்டையின் பணி ஒன்றே. கருவிக்கும் உடலுக்கும் இடையே மூன்றாவது பிடிப்பை அது உண்டாக்குகிறது. இரண்டு கைகள் மட்டும் தாங்கும்போது குழலின் முனை மேலும் கீழும் ஆடும். தோளிலும் ஒரு பிடிப்பு இருந்தால் அந்த ஆட்டம் குறையும். கன்னத்தைக் கட்டையில் பதித்தால் கண் ஒவ்வொரு முறையும் குழலுக்கு நேராக ஒரே இடத்தில் நிற்கும். இவ்வளவே அதன் பயன். குழலை விட்டு வெளியேறிய பிறகு குண்டு செல்லும் வழியைக் கட்டை எவ்விதத்திலும் மாற்றுவதில்லை.

பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இந்தப் பயன் அளவிறந்தது. அந்தப் போட்டியில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். ஈயத்தாலான சிறு குண்டு, உட்புறம் புரிவரி வெட்டிய குழலில் சுழன்று, ஏறக்குறைய ஒரே வழியில் திரும்பத் திரும்பச் செல்லும். ஆகவே பிழை நேர்ந்தால் அது பெரும்பாலும் சுடுபவரின் உடல் அசைவால் நேர்ந்த பிழையே. கடலூரில் 1999இல் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த நம் இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றது இப்பிரிவில்தான். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களிலும் அவர் நாட்டுக்காகக் களம் இறங்கினார். இத்தகைய வீரர்கள் கட்டையின் நீளத்தையும் கன்னம் பதியும் பகுதியின் உயரத்தையும் மயிரிழை பிசகாமல் திருத்தி வைத்துக் கொள்கிறார்கள்.

வர்ணக்குண்டின் கதை வேறு. அதன் விட்டம் 0.68 அங்குலம், அதாவது 17 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எடை ஏறத்தாழ மூன்று கிராம். மாத்திரைக் கூடு போன்ற ஜெலட்டின் தோலுக்குள் சாய நீர் நிரம்பியிருக்கும். இரண்டு பாதிகள் சேர்ந்த தையல் தோலின்மேல் ஓடும். உருண்டை முழு வட்டமாக இருப்பதும் அரிது. உள்ளே நீர் அலைவதால், ஈயக் குண்டைப் போல அதைச் சீராகச் சுழலவிட்டு நேராகச் செலுத்துவதும் இயலாது. ஆடுகளங்களில் அதன் வேகம் வழக்கமாக விநாடிக்கு 280 அடி, அதாவது 85 மீட்டர் அளவில் கட்டுப்படுத்தப்படுகிறது. 300 அடியைத் தாண்ட விடுவதில்லை. கனம் குறைந்த, பருத்த உருண்டையாதலால் காற்று அதன் வேகத்தை விரைவில் தடுத்துவிடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகம் குறையவே இல்லை என்று வைத்துக் கொண்டாலும், முப்பது மீட்டர் செல்ல அக்குண்டுக்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். அதற்குள் அது அறுபது சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். விநாடிக்கு ஐந்து மீட்டர் ஓடும் எதிரி ஒருவன், அந்த நேரத்தில் ஒன்றே முக்கால் மீட்டர் நகர்ந்திருப்பான். தோளில் எத்துணை உறுதியாகக் கட்டையை அழுத்தினாலும் இந்த இரண்டையும் அது சரி செய்யாது. குண்டு எவ்வளவு தாழும் என்பதையும் ஆள் எங்கே போய் நிற்பான் என்பதையும் பயிற்சியால்தான் கணிக்க வேண்டும்.

முன்பே இருக்கும் கட்டை

இன்னொரு செய்தியையும் பலர் கவனிப்பதில்லை. இன்றைய மார்க்கர்கள் பெரும்பாலானவற்றில், அழுத்தமான காற்று நிரம்பிய கலம் கைப்பிடியின் அடியில் பின்னோக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். விளையாடுவோர் அந்தக் கலத்தின் அடிப்பகுதியையே தோளில் பதித்துக் கொள்கிறார்கள். மூன்றாவது பிடிப்பு அங்கேயே கிடைத்துவிடுகிறது. கலத்தின் மேல் தனியாக ஒரு கட்டையைப் பொருத்தினால் எடை கூடும். சிலவற்றில் கலமும் கட்டையும் ஒன்றையொன்று இடித்துக் கொள்ளும்.

முகக்கவசமும் ஒரு தடை. இந்த விளையாட்டில் கண்ணையும் காதையும் தாடையையும் மூடும் கவசம் இன்றிக் களத்தில் கால் வைத்தல் கூடாது. அந்தக் கவசத்தின் தாடைப் பகுதி கட்டையில் இடிக்கும். கன்னத்தைப் பதித்துக் குறி பார்க்க இயலாமல் போகும். ஆகவே கட்டையின் பயனில் ஒரு பாதி, வாங்கும் முன்னரே கழிந்துவிடுகிறது. கவசத்துக்கு இடம் விட்டு வளைத்துச் செய்த கட்டைகளும் உண்டு. ஆனால் அவை எல்லாக் கருவிக்கும் பொருந்துவதில்லை.

களத்தில் நாம் நின்ற இடத்திலேயே நிற்பதும் இல்லை. தடுப்பின் வலப்புறம் எட்டிப் பார்த்த மறுகணமே இடப்புறம் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது கருவியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்ற வேண்டும். நீண்ட கட்டை அந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தும். குனிந்து ஓடும்போது உடையில் சிக்கும்.

செலவின்றிச் சோதிக்கும் முறை

இவ்வளவு சொன்ன பின்பும், "என் கைக்கு அது உதவும்" என்று ஓர் இளைஞன் கருதலாம். கருதுவதைவிடச் சோதித்து அறிவது மேல். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு.

ஆடுகள நிர்வாகியின் அனுமதி பெற்று, ஆட்டம் இல்லாத நேரத்தில், சுற்றியுள்ள அனைவரும் கவசம் அணிந்திருக்க, இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் ஒரு பலகையை நிறுத்துங்கள். கருவியை மணல் மூட்டையின்மேல் அசையாமல் கிடத்திப் பத்துக் குண்டுகளைச் சுடுங்கள். பலகையில் சாயம் பட்ட இடங்கள் அனைத்தையும் உள்ளடக்கி ஒரு வட்டம் வரையுங்கள். அதுவே கருவியும் குண்டும் சேர்ந்து செய்யும் சிதறல். உங்கள் கைக்கு அதில் பங்கில்லை. உலகத்தில் உள்ள எந்தக் கட்டையும் அந்த வட்டத்தைச் சிறிதாக்க இயலாது.

அடுத்து, கலத்தைத் தோளில் பதித்து, நின்றபடி பத்துக் குண்டுகள் சுடுங்கள். மறுபடியும் வட்டம் வரையுங்கள். இரண்டு வட்டங்களும் ஏறக்குறைய ஒரே அளவினவாயின் விடை கிடைத்துவிட்டது: கட்டை உங்களுக்குத் தரக்கூடியது ஒன்றும் இல்லை. இரண்டாவது வட்டம் மிகப் பெரிதாயின், தோழரிடம் கட்டை ஒன்றை இரவல் வாங்கி மூன்றாம் முறை சுடுங்கள். அப்போது வட்டம் சுருங்கினால் வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சோதிப்பது ஆபத்து மட்டுமன்று, அதனால் கிடைக்கும் விடையும் பிழையானது. ஆட்டத்தில் கவசம் இருக்கப் போகிறதல்லவா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதற்கு நேர்மாறாக, கூடம் உண்மையாகவே கோணலாக இருக்கும்போது காலை நொந்து கொள்வாரும் உண்டு. பிழை கையில் உள்ளதா, குண்டில் உள்ளதா என்று இந்த மூன்று வட்டங்களும் பிரித்துக் காட்டிவிடும்.

யாருக்கு வேண்டும்?

கட்டை யாருக்குமே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. காற்றுக் கலத்தை முதுகில் கட்டிக் கொண்டு, நெகிழ்குழாய் வழியாகக் கருவிக்குக் காற்றுச் செலுத்துவோர் உண்டு. அவர்களுடைய கருவியின் அடியில் கலம் இல்லாமையால் தோளில் பதிக்க ஒன்றும் இராது. அவர்களுக்குக் கட்டை நல்ல துணை. உருண்டைக்குப் பதிலாகப் பின்புறம் சிறகு அமைந்த குண்டுகளைப் பயன்படுத்துவோரும் உண்டு. அக்குண்டுகள் உருண்டையைவிட நேராகச் செல்வதால், கை அசைவு அங்கே பெரும் பிழையாகிறது. ஓடியாடாமல் பின்னணியில் பதுங்கி நெடுந்தூரம் சுடும் பணியை ஏற்றவர்க்கும் அது பயன் தரலாம்.

அவ்வாறு வாங்குவோர் அளவு பார்த்து வாங்க வேண்டும். முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை அந்த மடிப்பில் வைத்தால், ஆட்காட்டி விரல் விசையை இயல்பாக எட்ட வேண்டும். எட்டாவிட்டால் கட்டை நீளம். விரல் விசையைத் தாண்டிப் போனால் கட்டை குட்டை. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை கிடைத்தால் அதுவே நன்று. இந்தக் கருவியைத் துளையிட்டோ அறுத்தோ பொருத்தும் வேலையில் இறங்குதல் கூடாது. அழுத்தக் காற்று ஓடும் கருவியில் அறியாத கை படுவது ஆபத்து.

வாடகைக் கருவியால் ஆடுவோருக்கோ இந்தக் கேள்வியே எழுவதில்லை. களத்துக்குச் சொந்தமான கருவியில் நம் விருப்பப்படி எதையும் மாட்ட இயலாது.

பணம் எதற்குச் செல்ல வேண்டும்?

குறி தப்பாமல் இருக்கக் காசு செலவிட வேண்டுமாயின் முதலில் நல்ல குண்டுக்குச் செலவிடுக. ஜெலட்டின் தோல் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மும்பையின் மழைக்காலத்தைக் குர்லாவில் வாழ்ந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அலமாரியில் வைத்த அப்பளமே நமத்துப் போகும் அந்த ஈரக் காற்றில், திறந்து வைத்த குண்டுகள் உப்பிவிடும், வடிவம் கெடும். உப்பிய குண்டு குழலுக்குள்ளேயே உடையும். உடைந்த சாயம் உட்புறம் படிந்தால் அடுத்து வரும் குண்டுகள் எல்லாம் திசை மாறும். புதிய குண்டுகள், காற்றுப் புகாத டப்பா, குழலைத் துடைக்கத் துணிக்கோல் ஆகிய மூன்றும் கட்டையைவிடக் குறைந்த செலவில் மிகுந்த பயனைத் தரும்.

அதனினும் முதன்மையானது முகக்கவசம். ஈரக் காற்றில் ஓடி வியர்க்கும்போது கவசத்தின் கண்ணாடி ஆவி படிந்து மங்கும். ஒன்றும் தெரியாமல் தவிப்பவன், ஒரு நொடிதானே என்று கவசத்தை உயர்த்தித் துடைக்க முனைவான். அந்த நொடியில் வரும் குண்டு கண்ணைப் பறித்துவிடக் கூடும். உடையின்மேல் சாயமாகத் தெறித்து நின்றுவிடும் அதே உருண்டை, கண்ணில் பட்டால் பார்வையைப் போக்கும் வலிமை உடையது. ஆவி எளிதில் படியாத இரட்டைக் கண்ணாடி அமைந்த கவசம் கிடைக்கிறது. ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்காமல், கட்டைக்கென்று ஒதுக்கிய தொகையை இதற்குச் செலவிட்டால் மாமாவும் குறை சொல்ல மாட்டார்.

தோற்றமும் சட்டமும்

கருவியின் பெயரில் ஒரு கருத்து அடங்கியிருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னோம். மார்க்கர் என்ற பெயர், இது ஆயுதம் அன்று என்று அறிவிக்கிறது. தோள்கட்டை பொருத்தியவுடன் அந்த அறிவிப்பு மறைந்து போகிறது. தூரத்தில் நிற்பவர் கண்ணுக்கு அது போர்க்களத் துப்பாக்கியாகவே தெரியும். காட்டில் ஆடும்போது அதனால் கேடில்லை. ஆனால் கர்ஜத் செல்ல நாம் குர்லா நிலையத்தில்தானே மின்சார வண்டி ஏறுகிறோம்? 2008 நவம்பர் 26ஆம் நாள் இரவு சத்திரபதி சிவாஜி முனையத்தில் நேர்ந்ததை இந்நகரம் மறக்கவில்லை. பையிலிருந்து நீண்டு தெரியும் ஒரு கட்டை, நடைமேடையில் நிற்கும் தாய்மார்களை நடுங்க வைக்கும். காவலரின் கை ஆயுதத்தை நாடும். விளக்கம் சொல்ல நேரம் கிடைக்கும் என்று எவர் உறுதி கூற முடியும்? அதிலும் வெளி மாநிலத்திலிருந்து வந்து, அவ்விடத்து மொழியில் தட்டுத் தடுமாறிப் பேசும் இளைஞனுக்கு அந்தக் கணம் மிகக் கடினமானது.

சட்டத்தையும் அறிந்து கொள்வோம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016இல் வகுக்கப்பட்ட விதிகள், காற்று ஆயுதங்களுக்கு இரண்டு வரம்புகளைக் குறிக்கின்றன: ஆற்றல் 20 ஜூல், குழலின் விட்டம் 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர். வர்ணக்குண்டின் ஆற்றல் நம் கணக்கின்படி 11 ஜூல் அளவில் நிற்கிறது. ஆனால் அதன் குழலின் விட்டமோ 17 மில்லிமீட்டருக்கு மேல். ஆற்றல் குறைவு என்பதை மட்டும் கருதி விளையாட்டுப் பொருள் போல இதைக் கைமாற்றிக் கொள்வது அறிவுடைமை ஆகாது. தோழரிடமிருந்து பெறுவதாயினும், கடையில் வாங்குவதாயினும், காவல் துறையின் உரிமப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுவது நம் கடமை. லோகமான்ய திலக் முனையத்தில் வண்டி ஏறி ஊருக்குப் போகும்போது, தம்பிகளுக்குக் காட்டலாம் என்று இதை மூட்டையில் கட்டிக் கொண்டு போகவும் வேண்டாம். காற்று நிரம்பிய கலத்தை எந்த ரயிலிலும் ஏற்ற வேண்டாம். கருவியைக் களத்திலேயே ஒப்படைத்து வர வசதி இருந்தால் அதுவே சிறந்தது.

முடிவாக ஒன்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் தோள்கட்டை கிடையாது. ஒரு கையை நீட்டியே சுட வேண்டும். இளவேனிலுக்குக் கட்டை இன்றியமையாதது. மனு பாக்கருக்கு அது இல்லை. இருவரும் தத்தம் கருவியின் இயல்பை அறிந்து அதற்கேற்பப் பயின்றவர்கள். குர்லாவில் உள்ள நம் இளைஞனும் மூன்று வட்டங்களை வரைந்து பார்க்கட்டும். அவை வாங்கு என்று சொன்னால், சட்டத்துக்கு உட்பட்டு, அளவு பார்த்து வாங்கட்டும். வேண்டாம் என்று சொன்னால், நல்ல கவசம் ஒன்றை அணிந்து கொண்டு, ஹென்னிக்கர் காட்டில் ஒரு குண்டும் சுடாமல் வென்ற அந்த மனிதரைப் போல ஓசையின்றி நடக்கப் பழகட்டும்.